குத்துவதும் இன்னும் குத்தாததும்

கைட் தைக்கிறவனுக்கு இந்த உலகத்தில் இரண்டே வகைச் சாமான்கள்தான்: ஒன்று குத்துவது, மற்றது இன்னும் குத்தாதது.

நான் கைட் தைக்கவென்று பிறந்தவன் இல்லை. யார்தான் அதற்கென்று பிறக்கிறார்கள்? கற்பிட்டி வீதியில், களப்புப் பக்கம் திரும்புகிற முடக்கில் கடை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, பெருநாளைக்கு ஜுப்பா, இடையில் யாராவது மெலிந்தால் காற்சட்டை சிறுப்பித்தல், கொழுத்தால் பெருப்பித்தல் என்று காலம் போய்க்கொண்டிருந்தது. பிறகு காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர் வந்து களப்பில், கடல் உள்ளே புகுந்து தேங்கி நிற்கிற அந்தத் தண்ணீரில், கைட் விடத் தொடங்கினார்கள். நாம் சின்ன வயதில் ஈர்க்கில் கட்டி விட்ட பட்டம் இல்லை இது. ஒரு குடும்பமே படுத்து உறங்கக்கூடிய அளவு துணி, பிறை வடிவத்தில். முன் விளிம்பில் காற்றடைத்த குழாய். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் ஒரு பலகையில் நிற்பார், கைட் அவரைத் தண்ணீரின் மேல் இழுத்துக்கொண்டு ஓடும். அப்படி ஒரு துணி கிழிந்த நாளில், கொழும்புக்கு அனுப்பிவிட்டுத் தவம் கிடக்க முடியாது என்று ஒருவர் என் கடையில் கொண்டு வந்து போட்டார். தைத்துக் கொடுத்தேன். அன்று பின்னேரம் போய்ப் பார்த்தால், நான் தைத்த துணி வானத்தில் நிற்கிறது! அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வெள்ளைச் சட்டைகளை மனைவி ஹலீமா எடுத்துக்கொண்டாள். நான் உள் அறையில் நீள மேசை போட்டுக் கைட்டுக்கு மாறிவிட்டேன்.

அன்று தொடக்கம் என் விரல் என் பேச்சைக் கேட்பதில்லை. எந்த விளிம்பைக் கண்டாலும் போய்த் தடவும். பஸ்ஸில் ஏறினால் சீட்டுக் கம்பி, வங்கிக்குப் போனால் மேசை முனை, சாப்பிட உட்கார்ந்தால் பீங்கான். துணியோடோ டயரோடோ றப்பர் தோணியோடோ மாரடிக்கிறவர்கள் உங்களில் யாரும் இருந்தால் என் வயிற்றெரிச்சல் விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்குப் பழகிவிட்டது.

ரவி ஐயா போட்ட நிபந்தனை

ரவி ஐயா களப்போரத்துக் கைட் முகாமின் மனேஜர். ஊர் கொஞ்சம் தள்ளியிருக்கிற உடப்பு, கோயில் ஊர். நல்ல மனிதர்தான், ஆனால் யார் சொன்னாலும் நம்பமாட்டார். கறிக்கு உப்புச் சரி என்று குசினிக்காரர் சொன்னால் தானே போய் நக்கிப் பார்ப்பார். தைத்த கைட் முகாமுக்குப் போனதும், மர நிழலில் இருக்கும் மேசையில் விரிக்கச் சொல்வார். கண்ணை மூடுவார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரித் தையலில் புறங்கையை வைத்து, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் ஓட்டுவார். வழவழவென்று இருந்தால்தான் தலையாட்டல். போன வருடங்களில் அவர் தலையாட்டிய கைட் எல்லாம் ஒழுங்காகப் பறந்தன.

இந்த வருடம்தான் அநியாயம் தொடங்கியது. நான் தைத்த கைட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தையல் பிரிந்து வரவில்லை, அப்படியென்றால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன். தையலுக்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி, புத்தம் புதிதாக ஒரு கிழிசல். கீழே இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. மேலே போய்க் காற்றுப் பிடித்ததும் சர்ரென்று பிளந்துவிடும். அதைவிட அநியாயம், நான் கை வைக்காத கைட் ஒன்றுகூடக் கிழியவில்லை.

முகாமுக்கு வருடா வருடம் வருகிற ஒல்லாந்துக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய ஆட்கள் எப்போதோ இங்கே கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. அவளுக்கு நான் போட்ட தையலோ ஒரு கிழமை நிற்கவில்லை. அவளுடைய நீலக் கைட் மூன்றாம் முறை கிழிந்தபோது ரவி ஐயாவே அதைச் சுமந்துகொண்டு வந்தார். கூடவே ஒரு பை நிறையத் தன்னுடைய கிழிந்த உடுப்புகளை ஹலீமாவிடம் கொடுத்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறுதலாகத்தான் சொன்னார்:

"டைலர், உங்களோட எனக்குக் கோபம் ஒண்டும் இல்ல. ஆனா இந்த நீலம் இன்னும் ஒருக்காக் கிழிஞ்சா, அடுத்த நாளே எல்லாக் கைட்டும் வேனில ஏறிக் கொழும்புக்குப் போகும். நீங்க பழையபடி வெள்ளைச் சட்டைக்குக் கொலர் வைக்கலாம்."

கழுதைக்குச் செய்த உபகாரம்

கொலர் வைப்பதில் ஒரு குறையும் இல்லை. ஹலீமா வைக்கிற கொலரைப் போட்டுக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனையோ பேர் பெரிய ஆட்களாக இருக்கிறார்கள். ஆனால் தான் தைத்த துணி வானத்தில் நிற்பதை ஒருக்கால் பார்த்தவனுக்குப் பிறகு கொலரில் மனசு நிற்காது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஹலீமாவுக்கு மட்டும் தெரியும். அதனால் நீலக் கைட்டை ஒரே நாளில் தைத்து முடித்தாலும், முகாமுக்குக் கொடுக்கவில்லை. கிழிக்கிற சாமான் எதுவென்று கண்டுபிடித்த பிறகுதான் கொடுப்பது என்று பிடிவாதமாக இருந்தேன். ரவி ஐயா போன் அடித்தால் "பசை காயுது ஐயா" என்பேன்.

முதலில் சந்தேகம் விழுந்தது ஜவுபர் நானாவின் வேலியில். ஜவுபர் நானா கடலுக்கும் போவார், முகாமை ஒட்டினாற்போல வெங்காயமும் போட்டிருக்கிறார். வெங்காயத்தைச் சுற்றிப் பனை மட்டை வேலி. பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு இருக்குமே, வாள் பல்லு மாதிரி? காற்றுக் குறைந்து கைட் தாழ்ந்தால் நேராக அதன் மேல்தான் போய் விழும். ஆஹா, அகப்பட்டாய் என்று நினைத்தேன். ஜவுபர் நானா கடலில் நின்ற நேரமாகப் பார்த்து, கத்தியோடு போய், முகாம் பக்கத்து வேலி முழுவதும் கருக்கை வழித்து எடுத்தேன். தடவிப் பார்த்தால் குழந்தைப் பிள்ளையின் கன்னம். எனக்குப் பரம சந்தோஷம்.

நம் ஊரில் வீதியெல்லாம் திரிகிற கழுதைகளை மறந்துபோனேன். அந்தக் கருக்குக்குப் பயந்துதான் அதுகள் இத்தனை காலம் வேலிக்குக் கிட்ட வராமல் இருந்திருக்கின்றன. வழித்த அடுத்த நாளே ஒன்று வந்து வேலியில் முதுகைத் தேய்த்துப் பார்த்திருக்கிறது. சுகமாக இருந்திருக்க வேண்டும், மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாமாகச் சேர்ந்து தேய்த்த தேய்ப்பில் வேலி சரிந்தது. உள்ளே போய் வெங்காயத் தாளைப் பாதி தின்று, மீதியை மிதித்து, நடுவில் படுத்தும் இருக்கின்றன. நான் என் செலவில் புது மட்டை வாங்கி, கருக்கோடு வேலியைக் கட்டிக் கொடுத்தேன். கடைசி முடிச்சைப் போட்டதும் ஜவுபர் நானா வேலியை ஒருக்கால் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கழுதைக்கு முதுகு சொறிய வேலி குடுத்த, திங்க வெங்காயம் குடுத்த. இன்னம் என்ன பாக்கி டைலர், பெருநாளைக்குச் சட்டையும் தைச்சுக் குடு."

நாகதாளியில் உட்கார்ந்த கதை

கருக்கில்லாமல் வேலி கிடந்த நாட்களிலும் வேறு ஒரு கைட் கிழிந்து வந்தது. வேலி இல்லையென்றால் நாகதாளிதான் என்று ரவி ஐயாவே சொன்னார். களப்புக்கும் முகாமுக்கும் நடுவில் இருக்கிற மணல் மேட்டில் அந்த முள்ளுச் செடி பற்றைப் பற்றையாக நிற்கிறது. ஒரு காலைக்குள் வெட்டித் துப்புரவாக்கலாம் என்று நானும் அவருமாகப் போனோம். போனது இரண்டு பேர், வெட்டியது ஒருவன். ரவி ஐயா இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"குறை நினைக்காதீங்க டைலர். எனக்கு ஏழரைச் சனி தொடங்கியிருக்கு. ரத்தம் சிந்தக் கூடாதெண்டு சாத்திரி சொன்னவர்" என்றார். பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மோதிரத்தைக் காட்டினார். நவரத்தினம், நடுவில் சனிக்கு உரிய நீலக்கல். சித்திரைப் புதுவருடத்துக்குப் போட்டதாம், சனி விலகும் வரைக்கும் குளிக்கும்போதும் கழற்றக் கூடாதாம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு கிரகம் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். எனக்கு வேலை கிடந்தது. "மாஷா அல்லாஹ், வடிவான மோதிரம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வெட்டினேன். அவர் கையைப் பழையபடி பைக்குள் விட்டுக்கொண்டார்.

மணல் மேடு என்றால் நிற்கிற இடம் நிற்காது. ஒரு பெரிய பற்றையை இழுத்தேன், அது வந்தது, அது வந்த வேகத்தில் நான் பின்னால் போனேன், பின்னால் இன்னொரு பற்றை இருந்தது. அதற்கு மேல் விவரமாகச் சொல்ல மாட்டேன். ரவி ஐயா பதறிப்போய் என்னைத் தூக்கினார், ஆனால் முள்ளில் கை படாமல் கவனமாகத்தான் தூக்கினார். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தேன். ஹலீமா கதவைச் சாத்திவிட்டு, முள்ளுப் பிடுங்குகிற குறட்டோடு உட்கார்ந்தாள். எனக்கு உயிர் போகிறது, அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முள்ளை எடுத்து எடுத்துச் சிரட்டையில் போட்டபடி சொன்னாள்:

"இவ்வளவு நாளா ஊரெல்லாம் முள்ளுத் தேடி அலைஞ்சீங்களே, இந்தா பாருங்க, ஒண்டு விடாமக் கொண்டு வந்து சேத்திட்டீங்க."

சஹனைச் சுற்றிய விரல்

உட்கார முடியாமல் இருந்த அந்தக் கிழமையிலேயே பள்ளிவாசல்துறையில் ஒரு கல்யாணம். போகாமல் இருக்க முடியாது, மாப்பிள்ளையின் சேர்வானி நான் தைத்தது. நம்முடைய கல்யாணச் சோறு தெரியும்தானே, சஹனில் வரும். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர், எல்லோருக்கும் அதே தட்டுத்தான். நானும் ஒரு பக்கமாகச் சரிந்து, பாதி உட்கார்ந்து பாதி உட்காராமல் இருந்தேன். சோறு வந்தது, மேலே இறைச்சி, ஓரத்தில் அச்சாறு. மற்ற ஐந்து பேரும் பிஸ்மில்லாச் சொல்லிக் கை வைத்தார்கள்.

என் விரல் சோற்றுக்குப் போகவில்லை. தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கிவிட்டது. என் பக்கத்திலிருந்து புறப்பட்டு, அடுத்தவரின் முழங்கைக்குக் கீழே புகுந்து, எதிரில் இருந்த வயசாளியின் தாடி வரைக்கும் போய்விட்டேன். அங்கே ஒரு இடத்தில் சின்னதாகத் தட்டியது. எங்கோ விழுந்து நெளிந்த தட்டுப் போல. "கவனம், இந்த இடத்தில விளிம்பு கொஞ்சம் கூர்" என்று நல்லெண்ணத்தில் சத்தமாகச் சொல்லியும்விட்டேன். பெண் வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். சஹனில் குறை பிடிக்கிறேன் என்று அவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. சோறு பரிமாறின பெடியன் தட்டை மாற்றவா வேண்டாமா என்று முழித்தான். எதிரில் இருந்த வயசாளி மட்டும் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, என் விரலைப் பிடித்து என் பக்கமே திருப்பி வைத்தார்:

"தம்பி, சஹன் பறக்கப் போறல்ல. கைய எடுத்துத் திங்கப் பாருங்க, இறைச்சி ஆறுது."

கடல் செய்த வேலை

ஒரு நாள் ஒல்லாந்துக்காரியே கடைக்கு வந்துவிட்டாள். கைட்டைக் கேட்டுத்தான் வந்தாள், ஆனால் நேரே கேட்கவில்லை, அவர்களுக்கும் மரியாதை இருக்கிறது. கையில் ஜாம் போத்தல் ஒன்று, அது நிறையக் கண்ணாடித் துண்டுகள். நான் பயந்து நீலக் கைட்டை மேசையிலிருந்து இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டு துண்டுகளை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

எல்லாம் கடற்கரையில் பொறுக்கியவை. யாரோ உடைத்துப் போட்ட சோடாப் போத்தல், மருந்துப் போத்தல். கடல் அதை உருட்டி உருட்டி, வாயில் போட்டுப் பாதி கரைந்த இனிப்பு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறது. விரலால் சுற்றிச் சுற்றித் தேடினேன், ஒரு இடமும் குத்தவில்லை. ஒரு காலத்தில் காலைக் கிழித்திருக்கும் இந்தச் சனியன், இப்போது கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கடலுக்கென்ன, அதற்கு எந்த ரவி ஐயாவும் நிபந்தனை போடவில்லை, பசை காயுது என்று பொய் சொல்லவும் தேவையில்லை.

ஒல்லாந்துக்காரி முகாமின் குசினியில் நின்று பொறுக்கிய தமிழ் கொஞ்சம் வைத்திருக்கிறாள், கறிக்கு உப்புப் போதாவிட்டால் 'காணாது' என்று சொல்லுகிற அளவு. என் கையில் இருந்த பச்சைத் துண்டைத் தொட்டாள், பிறகு நான் அணைத்திருந்த கைட்டின் தையலைத் தொட்டாள். யோசித்து யோசித்து, என் மனம் நோகாத மாதிரிச் சொற்களைத் தேடி எடுத்தாள்:

"டைலர், கடல் நல்ல வேலை. நீங்க... கொஞ்சம் காணாது."

ஐயாவின் காற்சட்டை

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனேன். பெருநாளைக்கு ஹலீமா தைத்துத் தந்த வெள்ளை ஜுப்பா, இஸ்திரி போட்டது, அத்தர் பூசியது. எத்தனையோ பேருக்கு ஜுப்பா தைத்தவனுக்குத் தன் மனைவி தைத்ததைப் போடும்போதுதான் நெஞ்சு நிமிர்கிறது. தொழுதுவிட்டு, அல்லாவே அந்த முள்ளை என் கண்ணில் காட்டு என்று துஆவும் கேட்டுவிட்டு வந்தால், மேசை வெறுமையாகக் கிடக்கிறது. நீலக் கைட்டைக் காணோம்.

"முகாம் வேன் வந்திச்சி. இதுக்கு மேல காத்திருக்க ஏலாதெண்டு சாரதி எடுத்திட்டுப் பெய்த்தார்" என்றாள் ஹலீமா. கதிரையில் விழுந்தேன், விழுந்த வேகத்தில் நாகதாளியை நினைத்துக்கொண்டு எழும்பினேன். அவள் தேத்தண்ணியைக் கொண்டு வந்து கையில் தந்துவிட்டு, ரவி ஐயாவின் உடுப்புப் பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் ஆற்றாமை அவளுக்குத் தெரியும். என்னை வேறு பக்கம் திருப்பப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இஞ்ச பாருங்க ஒரு புதினம். மூண்டு காற்சட்டை. மூண்டுலயும் வலது பக்கப் பைதான் கிழிஞ்சிரிக்கி. இடது பை புதுசு மாதிரி இரிக்கி."

"சாவிக் கொத்துப் போட்டிருப்பார்."

"சாவி அடியில ஓட்டை போடும். இது வாயில கிழிஞ்சிரிக்கி, கை போற இடத்தில. சேட்டையும் பாருங்க. போன் வைக்கிற பையிலயும் நூல் இழுபட்டிரிக்கி." அவருடைய மேல்சட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு நூல் அல்ல, வரிசையாக. எங்கேயோ பார்த்த வரிசை. தையலுக்குப் பக்கத்தில், ஒரு விரல் தள்ளி.

தேத்தண்ணி ஜுப்பாவில் ஊற்றுண்டது. சூடுகூடத் தெரியவில்லை. எப்போது தொடங்கிக் கிழிகிறது? இந்த வருடம். மோதிரம் எப்போது போட்டார்? இந்த வருடம். நான் தைக்காத கைட் ஏன் கிழியவில்லை? தைக்காத கைட்டை அவர் ஏன் தடவப் போகிறார்! வழவழப்பாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாரே, அந்தக் கைதான்: தையலில் நடு விரல், ஒரு விரல் தள்ளி மோதிரம். வேலியை வழித்து, நாகதாளியில் உட்கார்ந்து, சஹனைத் தடவி மானத்தை வாங்கி... யா அல்லாஹ்! நான் வாசலுக்கு ஓடினேன். பின்னாலிருந்து ஹலீமாவின் சத்தம் வந்தது:

"செருப்பப் போட்டுட்டு ஓடுங்க, வழியெல்லாம் சிப்பி!"

ஜுப்பாவில் ஒரு பரீட்சை

ஓட்டோக்காரரை நான் விரட்டின விரட்டில் அவர் யாருக்கோ பிள்ளை பிறக்கிறது என்று நினைத்துவிட்டார். முகாமில் இறங்கும்போது மரத்தடி மேசையில் நீலக் கைட் விரிந்து கிடக்கிறது. சுற்றி வெள்ளைக்காரர், ஒல்லாந்துக்காரி முன்னால். ரவி ஐயா கண்ணை மூடிவிட்டார். வலது கை இறங்கிக்கொண்டிருக்கிறது.

"ஐயா, கை! கை!" என்று கத்தினேன். கைட்டுக்குள் பாம்பு என்று நினைத்து நாலு பேர் கதிரையில் ஏறினார்கள். நான் ஓடிப்போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை. ஒரு மனேஜரின் கையை, அவருடைய விருந்தாளிகள் முன்னால், தேத்தண்ணி ஊற்றுண்ட ஜுப்பாவோடு ஒரு டைலர் பிடித்துக்கொண்டு நிற்பதை நீங்கள் நினைத்துப் பாருங்கள்.

"ஐயா, மோதிரம்" என்றேன். மூச்சு வாங்கியதில் அதற்கு மேல் வரவில்லை. அவர் முகம் கறுத்தது. "டைலர், இது நான் கும்பிட்டுப் போட்ட மோதிரம். உங்கட தையல் பிழைக்கு என்ட மோதிரத்தில பழி போடுறீங்களா?" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயம். அவர் நம்பிக்கையைக் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். உடப்பும் கற்பிட்டியும் இத்தனை காலம் ஒன்றாகக் கடலுக்குப் போய் வந்த ஊர்கள், என் வாயால் ஒரு மனக்கசப்பு வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லி நம்ப வைக்கக்கூடிய ஆளும் அவர் இல்லை, தானே தடவிப் பார்த்தால்தான் நம்புவார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"ஐயா, என்ட ஜுப்பாவில தடவுங்க. கைட்டில தடவுற மாதிரியே, கண்ண மூடிட்டு. ஹலீமா போட்ட தையல், என்ட தையல் இல்ல."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். கண்ணை மூடினார். தோளிலிருந்து வயிறு வரைக்கும் புறங்கையை ஓட்டினார். டிர்ர்ர் என்று ஒரு சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால், என் பெருநாள் ஜுப்பாவின் நூல் ஒன்று அவருடைய விரலோடு வருகிறது. நீலக்கல்லைப் பிடித்திருக்கும் சின்னப் பல் ஒன்று நிமிர்ந்து, தூண்டில் மாதிரி நின்றது. ரவி ஐயா அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அந்த மனிதரை அப்படி ஒரு கோலத்தில் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை, ஜுப்பா போன துக்கம் வேறு. ஒல்லாந்துக்காரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டைலர் நல்ல வேலை. ஐயா... கொஞ்சம் காணாது."

மோதிரத்துக்கு ஒரு சட்டை

கண்டுபிடித்தாயிற்று, இனி என்ன செய்வது? கழற்றினால் சனி. பல்லை அராவலாம் என்றால், விரலில் இருக்கும்போதே அராவ அவருக்குப் பயம், ரத்தம் வந்துவிடும். தடவாமல் இருங்கள் என்று சொன்னால் அதற்கு அவர் செத்தே போவார். நான் கடைக்குப் போய், நீலக் கைட்டிலேயே மிச்சமாகக் கிடந்த துணியில் ஒரு துண்டு வெட்டினேன். மோதிரத்துக்கு மேலால் போடுகிற மாதிரிச் சின்னதாக ஒரு உறை, விரலைச் சுற்றிப் பிடிக்க ஒரு றப்பர் பட்டி. என் வாழ்க்கையில் நான் தைத்த ஆகச் சின்ன உடுப்பு அதுதான். ஹலீமா பட்டியின் ஓரத்தை மடித்துத் தந்தாள். "கழுதைக்குத்தான் சட்டை பாக்கியெண்டு நெனைச்சன்" என்றாள்.

அடுத்த நாள் உறையைப் போட்டுக்கொண்டு ரவி ஐயா நீலக் கைட்டை ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் தடவினார். தலையாட்டினார். பின்னேரக் காற்றில் அது ஏறியது. நான் கரையில் நின்று, அல்லாவே அல்லாவே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைட் திரும்பியது, தாழ்ந்தது, நிமிர்ந்தது, ஒல்லாந்துக்காரி களப்பின் அந்தத் தலை வரைக்கும் போய் வந்தாள். கிழியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மணல் விழுந்தது என்று பக்கத்தில் நின்ற ஜவுபர் நானாவுக்குச் சொன்னேன், அவர் நம்பவில்லை. ரவி ஐயா என் அருகில் வந்தார். நேற்றுப் பேசியதற்கு ஏதாவது சொல்லப் போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் மோதிரத்தின் உறையை இடது கை விரலால் சுற்றித் தடவினார், கண்ணை மூடிக்கொண்டு, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும்:

"எல்லாம் சரி டைலர், ஆனா இந்தத் தையல் கொஞ்சம் சொரசொரக்குதே."

ஏழரைச் சனி ரவி ஐயாவுக்குத்தான் என்று சாத்திரி சொன்னாராம், ஆனால் முள்ளு, கழுதை, சஹன், ஜுப்பா என்று அதை ஒரே காற்றுக் காலத்தில் அனுபவித்து முடித்தவன் நான்தான்.